ஆறு அங்கே, இறக்கை இங்கே

நான் குள்ளம். இந்த நாட்டில் எனக்கு நிரந்தர வேலை வாங்கித் தந்தது அதுதான். படிப்பு வாங்கித் தரவில்லை, ஆங்கிலம் வாங்கித் தரவில்லை. விமானத் தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் என் விண்ணப்பத்தைப் பார்த்ததைவிட என் தோள்களைத்தான் அதிகம் பார்த்தார். இதென்ன பார்வை என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், தாங்கிகளில் ஏற்றி வைத்திருந்த ஓர் இறக்கையின் அடியில் இருந்த நீள்வட்ட ஓட்டையைக் காட்டி, இதற்குள் நுழைய முடியுமா என்று கேட்டார். நுழைந்தேன். உள்ளே புரண்டு படுத்தும் காட்டினேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

விமானத்தில் யன்னலோரம் இருந்து இறக்கையைப் பார்ப்பவர்களுக்கு அது ஒரே கட்டியாகத் தெரியும். உள்ளே அது வெறுமை. பின்னாளில் எரிபொருள் நிரப்பப்போகும் இருட்டு அறைகள்தான் வரிசையாக இருக்கும். தகட்டோடு தகட்டைப் பிணைப்பது றிவெற் என்கிற சின்ன ஆணி. வெளியில் ஒருவர் காற்றில் இயங்கும் துப்பாக்கியால் அதன் தலையில் அடிப்பார். உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டியொன்றை அதன் வாலில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அடிக்கிற அடியில் வால் நசுங்கி, உள்பக்கத்திலும் ஒரு தலையாகிவிடும். பிடித்திருப்பவள் நான். அடிக்கிற நேரத்தில் அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. இரண்டு பேர் காதிலும் அடைப்பான். அதனால் தட்டுவதுதான் எங்கள் பேச்சு. உள்ளேயிருந்து நான் ஒருமுறை தட்டினால் சரி. இரண்டுமுறை என்றால் இன்னும் கொஞ்சம் அடி. மூன்றுமுறை என்றால் பிழையாகிப்போயிற்று, துளைத்துக் கழற்ற வேண்டும்.

அந்த றிவெற்றுகளில் ஒரு வகையை ஐஸ் பெட்டியில்தான் வைத்திருப்பார்கள். வெளியில் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் இறுகிப்போய்விடும், அதற்குள் அடித்துவிட வேண்டும். முதல் நாள் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் விளைமீன், இவர்கள் பெட்டியில் ஆணி. இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இருக்கவில்லை. மகள் சின்னப் பிள்ளை, அவளுக்கு இதில் என்ன சிரிப்பு என்று விளங்கவில்லை. என் கணவர் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கியூபெக்கின் வடக்கே போயிருந்தார்.

அவர் ஊரில் இரசாயனம் படித்தவர். கனடாவுக்கு வந்து முதலில் இறங்கியது மொன்றியலில். அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே பிரெஞ்சு பழகிக்கொண்டார். நானும் மகளும் வந்து சேர்ந்ததும், சொந்தக்காரர் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள் என்று ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் உயரமான கட்டடமொன்றில் குடியிருந்தோம். இங்கே அவருக்குக் கிடைத்தது காவலாளி வேலை. வெறும் கார் நிறுத்துமிடம் ஒன்றைக் காவல் காத்தார். அங்கே களவு எடுப்பதற்கு இருந்தது வெள்ளைக் கோடு மட்டும்தான் என்று நான் அவரைப் பகிடி பண்ணுவேன். அவர் சிரிப்பார், ஆனால் அது அவரைத் தின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் மொன்றியல் சிநேகிதர் ஒருவர், வடக்கே ஓர் அலுமினிய உருக்காலையில் பிரெஞ்சு தெரிந்த ஆய்வுகூட ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார்.

"ரெண்டு வருசம் போட்டு வாறன்" என்றார்.

"போட்டு வாங்கோ" என்றேன்.

நானும் மகளும் ஏன் கூடப் போகவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். மகள் அப்போதுதான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் கால் ஊன்றியிருந்தாள், அங்கே போனால் பிரெஞ்சில் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் போன கையோடு எனக்கும் இறக்கை வேலை கிடைத்துவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் காரணங்களைத்தான் சொன்னேன். உண்மைக் காரணம், அவர் வா என்று கேட்கவில்லை. அதை யாரிடம் சொல்வது?

அவர் போன புதிதில் ஒருநாள் தொலைபேசியில் கேட்டேன்.

"ஏன் அந்தப் பனிக்காட்டுக்குள்ள கொண்டுபோய் உருக்காலையைக் கட்டி வைச்சிருக்கிறாங்கள்? அலுமினிய மண் அங்கதான் கிடக்குதோ?"

"மண் இஞ்ச ஒரு பிடியும் இல்லை. அது வெயில் நாடுகளில இருந்து கப்பலில வருது. இஞ்ச இருக்கிறது ஆறு."

பிறகு அவர் விளக்கினார். மண்ணைச் சுத்தம் செய்து கோதுமை மா மாதிரி வெள்ளைத் தூளாக்கிக் கொண்டுவருவார்களாம். அந்தத் தூளிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதற்கு நெருப்பு மட்டும் போதாது. பெரிய தொட்டிகளில் உருக்கி, இரவு பகலாக அதற்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பட்டணத்துக்கே வெளிச்சம் கொடுக்கக்கூடிய மின்சாரம். அவ்வளவையும் நிலக்கரி எரித்து எடுத்தால் அலுமினியம் வெள்ளி விலைக்கு வந்துவிடும். உயரத்திலிருந்து விழுகிற ஆறு இருந்தால் மலிவு. அந்தக் காலத்தில் மின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோவதும் பெரிய பாடு, தூளைக் கப்பலில் ஏற்றுவது சுலபம். ஆகவே தூளை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் அணை, பிறகு உருக்காலை, அதற்குப் பிறகு வேலையாட்களுக்கு வீடு, கோயில், பள்ளிக்கூடம் என்று ஒரு ஊரே முளைத்தது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது நாடுகள் விமானத்துக்காகப் பறந்தடித்தன. விமானம் வேண்டுமென்றால் அலுமினியம் வேண்டும், அலுமினியம் வேண்டுமென்றால் மின்சாரம் வேண்டும். மேலும் மேலும் அணை கட்டினார்கள்.

"அப்ப ஆறு இல்லாட்டி பிளேனும் இல்லையெண்டு சொல்லுங்கோ."

"இருந்திருக்கும். மரத்தாலயும் துணியாலயும் நாலைஞ்சு பறந்திருக்கும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசிய அழைப்பு அது ஒன்றுதான். அதனால்தான் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று மாட்டியிருந்தது. போர்க்காலத்தில் விமானம் கட்டிய பெண்கள். தலையில் துணி கட்டி, ஒருத்தி துப்பாக்கியோடும் ஒருத்தி இரும்புக் கட்டியோடும் நிற்பார்கள். கட்டி பிடித்திருப்பவள் என்னைவிடக் குள்ளம். அவர் சொன்ன பிறகு அந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். அவர்களுடைய தலைக்கு மேலே எரிந்த விளக்கும், துளைபோடும் இயந்திரங்களும் நயாகராவில் விழுந்த தண்ணீரால் ஓடியவை. கம்பி வழியாக அந்த மின்சாரம் இந்தப் பக்கம் வந்தபடியால்தான் இங்கே தொழிற்சாலைகள் குவிந்தன, ஆட்களும் குவிந்தார்கள். கையில் இருந்த தகடு இன்னோர் ஆற்றின் வேலை. தொழிற்சாலைக்கு ஒரு ஆறும் உலோகத்துக்கு ஒரு ஆறும் என்று இரண்டு ஆறுகள் சேர்ந்துதான் அந்த விமானங்கள் எழும்பியிருக்கின்றன. உலோகம் ஆறு இருக்கிற இடத்தில் பிறக்கிறது, விமானம் ஆட்கள் இருக்கிற இடத்தில் பிறக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவர் அங்கேயும் ஒருவர் இங்கேயும் போய் நின்றதற்கும் இதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டு வருடம் ஐந்தானது, ஐந்து பத்தானது. நீண்ட வார இறுதிகளில் அவர் வருவார். மொன்றியலில் பஸ் மாறி, முழு நாளும் பயணம் செய்து, கால் வீங்கி வந்து சேர்வார். ஒருநாள் படுத்துக் கிடப்பார், ஒருநாள் மகளோடு கடைக்குப் போவார், அடுத்த நாள் போய்விடுவார். மற்ற நாட்களில் தொலைபேசி.

"சாப்பிட்டியளோ?"

"ஓம். நீர்?"

"ஓம். குளிரோ?"

"ஓம். பிள்ளை?"

"படிக்கிறாள்."

"அப்ப வைக்கட்டே?"

எல்லாம் ஒருமுறை தட்டுகிற தட்டுத்தான். சரி, சரி, சரி. மூன்றுமுறை தட்டியிருக்க வேண்டிய நாட்கள் எனக்கு எத்தனையோ வந்தன. மகள் காய்ச்சலில் அனுங்கிக்கொண்டு கிடந்த கிழமை, என் அம்மா ஊரில் செத்துப்போன செய்தி வந்த விடியல். அம்மா செத்ததை அவரிடம் சொன்னேன்தான், ஆனால் வாங்கோ என்று சொல்லவில்லை. வேலையில் இருக்கிற மனிதரை மினக்கெடுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். அவரும் வரட்டோ என்று கேட்கவில்லை. அன்று வேலைக்குப் போய் இறக்கைக்குள் படுத்துக்கொண்டு அழுதேன். அந்த இடத்தில் ஒரு வசதி, யாருக்கும் கேட்காது.

ஆனால் தகடுகள் இருந்தன. புதுத் தகடுகள் வந்து இறங்கும்போது நான் போய் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். அவர் ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்த்து விட்ட உலோகமாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். வெளியில் நின்று அடிக்கிற என் ஜோடி, த்ரினிடாட்டிலிருந்து வந்த பெரிய உடம்புக்காரர். அவர் ஒருநாள் கவனித்துவிட்டு, என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து தகடு ஏற்றிய வண்டி வந்தால் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "உன் புருசன் வந்திட்டார், ஓடி வா" என்று கூப்பிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், நெஞ்சு நிறையவும் இருக்கும்.

அவர் இருந்த ஊருக்கு நாங்கள் ஒரேயொரு முறை போனோம். அது அவர் அங்கே போன மூன்றாம் வருடக் கோடை. உருக்காலையில் ஒரு சனிக்கிழமை குடும்பங்களை உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டினார்கள். கைக்கடிகாரம், வங்கி அட்டை எல்லாவற்றையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஓடுகிற மின்சாரத்தால் அங்கே காந்தம் அவ்வளவு கடுமை என்று சொன்னார்கள். என் தாலிக்கொடி தங்கம், அதற்கு ஒன்றும் ஆகாது என்று நானும் போய்விட்டேன். ஆனால் எங்கள் பெண்கள் எல்லாரையும் போலத்தான் நானும், அவசரத்துக்கு உதவட்டும் என்று கொடியில் நாலைந்து சேஃப்டி பின் கோத்து வைத்திருந்தேன். தொட்டிகள் வரிசையாக நிற்கிற கூடத்துக்குள் காலடி வைத்ததும் சட்டைக்குள் ஏதோ அசைந்தது. பின்கள் எழும்பிக்கொண்டு நின்றன. கொடியை அந்தப் பக்கமாக இழுத்தன. நான் பயந்துபோய் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டேன்.

"என்ன?" என்றார் அவர்.

"உங்கட ஆறு என்ர தாலியைப் பிடுங்குது" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களுக்குப் பிரெஞ்சில் அதைச் சொல்ல அவர்களும் சிரித்தார்கள். அவருக்கு இவ்வளவு சிநேகிதர்கள் இருக்கிறார்கள், இவ்வளவு சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எரிச்சல் வந்தது. ரொறன்ரோவில் அந்த மனிதர் கதிரை நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பவர். இங்கே கால் அகட்டி நிற்கிறார்.

பின்னேரம் அணைக்குக் கீழே இருக்கிற பாலத்துக்குக் கூட்டிக்கொண்டுபோனார். தண்ணீர் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டாள். சொல்லப்போனால் அந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது. இங்கே வந்து இரு என்று அவர் வாயால் கேட்டால் மட்டும் போதும் என்று நின்றேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, "இஞ்ச ஒரு கடையில உருளைக்கிழங்குப் பொரியல் நல்லா இருக்கும்" என்றார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறினோம்.

தகட்டு விசயம் உடைந்தது பிறகொரு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், அவர் வந்திருந்தபோது. சாப்பிடும்போது, உங்கட உலோகம் இந்தக் கிழமையும் வந்தது, நல்ல தகடு என்று பெருமையாகச் சொன்னேன்.

"எங்கட உலோகமோ?" என்று சிரித்தார். "எங்கட கட்டியள் கூடுதலா சோடாக் கானுக்கும் கார்ச் சில்லுக்கும்தான் போகுது. பிளேன் தகடெல்லாம் அமெரிக்காவில உருட்டுறாங்கள். அதுக்குள்ள எந்த ஆத்து உலோகம் கிடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"போர் நேரம்?"

"அது அப்ப. அப்ப பிளேனுக்காகத்தான் அணையே கட்டினவங்கள். போர் முடிய அவ்வளவு மின்சாரத்தையும் என்ன செய்யிறது? பானை சட்டி, கான், கதவுச்சட்டம். உந்தக் கானில பாதி எங்கட ஆறுதான்."

மேசையில் மகள் குடித்துவிட்டு வைத்த சோடாக் கான் இருந்தது. எனக்கு அதைத் தூக்கி எறிய வேண்டும் போல் கோபம். அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் தெரிகிறது. ஆனால் எத்தனை வருடம் அந்தத் தகடுகளைத் தடவியிருப்பேன். ஜோடிக்காரரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவர் தன்பாட்டில் "உன் புருசன் வந்திட்டார்" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார், நானும் போய்த் தடவிக்கொண்டுதான் இருந்தேன். தடவாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்.

மகள் வளர்ந்து, படித்து, வேலை என்று வான்கூவருக்குப் போய்விட்டாள். நான் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் வோபர்னில் சின்ன அப்பார்ட்மென்றுக்கு மாறினேன். பல்கனியிலிருந்து பார்த்தால் மின்கம்பிக் கோபுரங்கள் புல்வெளி வழியே வரிசையாகப் போவது தெரியும். மழை ஈரத்தில் அவை இரைகிற சத்தம் கேட்கும். வேலை விட்டு வந்து தேத்தண்ணியோடு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வார இறுதியில் இரண்டு நாளும் வாய் திறந்து ஒரு சொல் பேசாமல் போயிருக்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போய்க் காலை வணக்கம் சொல்லும்போது தொண்டை கரகரக்கும். தனிமை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. புருசன் உயிரோடு இருக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

தொழிற்சாலை மிசிசாகாவில் விமான நிலையப் பக்கமாகப் புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகு வந்த வசந்தத்தில் அவர் ஓய்வுபெற்றார். இனி வந்து இங்கேயே இருப்பதாகச் சொன்னார். நான் அலுமாரியில் பாதியைக் காலி செய்தேன். கட்டிலின் மற்றப் பக்கத்துக்குப் புதுத் தலையணை வாங்கினேன். தனியே இருக்கையில் கறிக்கு மிளகாய்த்தூள் குறைத்துப் பழகியிருந்தேன், அவருக்கு உறைக்க வேண்டும் என்று ஊர்த்தூள் தேடிப்போய் வாங்கினேன்.

அவர் வருகிற அன்று எனக்கு வேலை. முடிந்ததும் நேரே பஸ் நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு. எங்கள் வேலையில் நகை போடக்கூடாது. இறக்கைக்குள் சின்னப் பொருள் ஒன்று விழுந்து கிடந்தாலும் பிறகு வானத்தில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. தாலிக்கொடி எப்போதும் வீட்டில் சாமித்தட்டில்தான் இருக்கும், அவர் வரும் நாட்களில் மட்டும் கழுத்தில் ஏறும். அன்று வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டு போக நேரம் இருக்காதே என்று, சட்டைக்குள் போட்டு மேலே பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு போனேன். ஷிப்ட் முடிந்து உடை மாற்றும்போது பார்த்தால் கொடியில் கோத்திருந்த பின்களில் ஒன்றைக் காணவில்லை.

சொல்லாமல் போய்விடலாம் என்று நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நினைத்தேன். ஆனால் அந்த இறக்கையை நம்பி யாரோ பறக்கப்போகிறார்கள். மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தி, இறக்கையில் சிவப்பு அட்டை மாட்டினார். என் ஜோடிக்காரர் வீட்டுக்குப் போக ஆயத்தமாக நின்றவர், கோட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். நீளக் கோலின் நுனியில் காந்தம் பொருத்தி, அறை அறையாகத் துழாவினோம். அலுமினியம் காந்தத்துக்கு அசையாது, பின் அசையும். கைத்தொலைபேசி லொக்கரில். அங்கே பஸ் வந்திருக்கும், அவர் பெட்டியோடு நின்றுகொண்டிருப்பார் என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசியில், நான் காலையில் படுத்திருந்த அறையின் மூலையில், கோலின் நுனியில் டிக் என்று வந்து ஒட்டியது. ஜோடிக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று தந்தார். எச்சரிக்கை ஒன்று எழுதினார்கள். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பஸ் நிலையத்தில் அவர் இல்லை. வீட்டுக்கு வந்தபோது கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில், பெட்டிகளுக்கு நடுவில் இருந்தார். அவரிடம் வீட்டுக் கதவைத் திறக்கத் திறப்பு இல்லை. இத்தனை வருடத்தில் அவருக்கு ஒரு திறப்பு வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"கட்டடத்து மனேச்சர் வந்து ஆரைப் பாக்க வந்தனீங்கள் எண்டு கேட்டார்" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"மனுசியைப் பாக்க வந்தனான் எண்டன்."

பகிடியாகத்தான் சொன்னார். நான் சிரித்தபடி பெட்டியைத் தூக்கினேன். லிப்டுக்குள் இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மனிதர் வந்துவிட்டால் தனிமை போய்விடும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவர் விடிய முன்பே எழும்பிவிடுவார், ஷிப்ட் பழக்கம். நான் அடுப்படிக்குள் போனால் ஒதுங்கி நிற்பார், விருந்தாளி மாதிரி. கறியில் தூள் கூடிப்போச்சு என்பார், அங்கே அவருக்கும் காரம் குறைந்துவிட்டதாம். பல்கனியில் நின்று கோபுரங்களைப் பார்த்து, "இஞ்ச தண்ணி இல்லை" என்பார். ஏரி இருக்கிறதே என்றால், அது நிற்கிற தண்ணி என்பார். தொலைபேசியில் பிரெஞ்சில் யாரோடோ பேசும்போது மட்டும் அந்தப் பழைய சிரிப்பு வரும். மகளுக்குச் சொன்னேன்.

"அம்மா, யூ கைஸ் ஆர் சோ வியர்ட்" என்றாள். "ரெண்டு பேரும் இருந்து கதையுங்கோவன். ஜஸ்ற் ரோக்."

ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடித்து மேசையில் இருந்தோம். அவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு என்று இல்லை, எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"நீங்கள் ஒருநாளும் என்னை வா எண்டு கேக்கேல்லை."

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "கேக்கத்தான் இருந்தனான்."

"எப்ப?"

"நீரும் பிள்ளையும் வந்தனீங்கள் எல்லே, அந்தக் கோடை. வீடு எடுத்து வைச்சிருந்தனான்."

"என்ன வீடு?"

"ஆத்தங்கரையில. மேல் மாடி. பிள்ளைக்கு ஒரு அறை, மஞ்சள் பெயின்ற் அடிச்சனான். அவளுக்குப் படிக்கிற மேசையும் வாங்கிப் போட்டனான்."

"ஏன் காட்டேல்லை?"

"நீர் வந்து இறங்கினவுடன ரிக்கெற்றை என்னட்டத் தந்தீர், துலைச்சுப்போடாமல் வைச்சிருங்கோ எண்டு. எடுத்துப் பாத்தன். போக வர எடுத்திருந்தீர், ஞாயிறு திரும்புறதெண்டு. நிக்கிற எண்ணம் இல்லையெண்டு விளங்கிச்சு. பிறகேன் கேட்டுத் தர்மசங்கடப்படுத்துவான்?"

போக வரத்தான் எடுத்தேன். எடுக்காமல்? ஒருவழி ரிக்கெற்றோடு போய் இறங்கினால், கேட்காமலே குடியேற வந்தவள் என்றல்லவா ஆகிவிடும். அந்த மானத்துக்காகத்தான் எடுத்தேன். நில் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பாலத்திலேயே அதைக் கிழித்து ஆற்றில் போட்டிருப்பேன். இதெல்லாம் நெஞ்சுக்குள் வந்து முட்டியது. வாயில் வந்தது வேறு.

"அந்த வீடு இப்பவும் இருக்கோ?"

"இருக்கு. ஆரோ இருக்கினமாம்."

"போய்ப் பாத்தனீங்களோ?"

"இல்லை. அதுக்குப் பிறகு நான் வேலைக்கு மற்றப் பாதையாலதான் போய் வந்தனான். கொஞ்சம் சுத்துத்தான்."

உரித்த தோடம்பழத்தில் பாதியை என் பக்கம் தள்ளி வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவர் பக்கத்தில் இருக்க அழுது எனக்குப் பழக்கமில்லை. எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் இருந்து அழுதேன்.

கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. அவர் வந்தார். கதவின் கீழ் இடைவெளியில் அவருடைய காலுறைகள் தெரிந்தன. வரட்டோ என்று கேட்பார் என்று இருந்தேன். வாங்கோ என்று நானே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் அங்கேயே நின்றார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்தேன். பிறகு அந்தக் கால்கள் திரும்பி, மெல்ல நடந்து, மேசைப் பக்கம் போய்விட்டன.

கதவை நான் பூட்டியிருக்கவில்லை.